ஆளுக்குப் பாதி வழி

எங்கள் வீடு சிட்லபாக்கத்தில் ஒரு மனையின் பின்பாதியில் இருக்கிறது. முன்பாதியில் இருப்பவர்கள் இந்த ஊரின் பழைய குடும்பம். ஒரு காலத்தில் ஏரித் தண்ணீரில் நெல் விளைவித்தவர்கள், இப்போது ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார்கள். அவர்களிடமிருந்துதான் நாங்கள் பின்மனையை வாங்கினோம். தெருவிலிருந்து எங்கள் வாசலுக்கு வர, அவர்கள் வீட்டுச் சுவரை ஒட்டி நீளமாக ஒரு வழி போகிறது. 'இருவருக்கும் பொதுவான வழி' என்று பத்திரத்தில் தெளிவாக எழுதியிருக்கிறது. அப்போதெல்லாம் நான் அந்த வழியில் ஸ்கூட்டரை விட்டு இறங்காமலே வாசல்வரை வந்துவிடுவேன்.

அந்த ஸ்கூட்டரில்தான் விபத்து நடந்தது. வண்டலூர்ப் பக்கமிருந்து ஜி.எஸ்.டி. சாலையில் திரும்பிக்கொண்டிருந்தபோது பின்னால் வந்த ஒரு வேன் இடித்துத் தள்ளியது. முதுகுத்தண்டில் அடி. அதற்குப் பிறகு கால்கள் எனக்குக் கட்டுப்படவில்லை. பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தவள், வீட்டில் டியூஷன் எடுக்கும் டீச்சர் ஆனேன். அதைப் பற்றி அழுது முடித்தாகிவிட்டது. இங்கே நான் சொல்ல வந்தது வேறு.

சக்கர நாற்காலியை நானே உருட்டப் பழகிய பிறகு, சாயங்காலம் டியூஷன் முடிந்ததும் அந்த வழியாகத் தெருவுக்குப் போவேன். யாரும் தள்ள வேண்டாம், யாரையும் கேட்க வேண்டாம். காய்கறி வண்டிவரை போவேன், சில நாள் ஏரிக்கரைவரைகூடப் போவேன். எனக்கென்று மிச்சமிருந்த சுதந்திரம் அந்த வழியின் அகலத்துக்குள்தான் இருந்தது.

ஒருநாள் காலையில் வெல்டிங் சத்தம் கேட்டது. வெளியே வந்து பார்த்தால், வழியின் நடுப்பகுதியில் இரும்புப் படிக்கட்டு ஒன்று எழும்பிக்கொண்டிருந்தது. முன்வீட்டுக்காரர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணா, இது நம்ம வழியில இல்ல வருது?"

"மாடிக்கு ஏறணும்ல டீச்சர். ஓரமாத்தான் கீது. நடந்து போறதுக்குத் தாராளமா எடம் வுட்டுகீறேன்."

"நான் நடக்கறதில்லையே அண்ணா."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "சார் வரட்டும் டீச்சர், பேசிக்கலாம்" என்றார்.

அன்றிலிருந்து எல்லோரும் என் கணவரிடம்தான் பேசினார்கள். வழி எனக்கு அடைபட்டது, பேச்சு அவரோடு நடந்தது.

படிக்கட்டு வந்த பிறகு நான் வெளியே போவது எப்படி என்று சொல்கிறேன். முதலில் என்னைத் தூக்கிப் படிக்கட்டைத் தாண்டி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் வைப்பார்கள். பிறகு சக்கர நாற்காலியை மடித்துப் பக்கவாட்டில் நுழைத்துக் கொண்டுவருவார்கள். மறுபடி என்னைத் தூக்கி அதில் வைப்பார்கள். காஸ் சிலிண்டரை இறக்குகிறவர்கள்கூட அதை ஒரு தடவைதான் தூக்குவார்கள். தூக்குவதற்கு என் கணவரோடு இன்னொரு ஆள் வேண்டும். அந்த இன்னொரு ஆள் கிடைக்கும் நாளில்தான் நான் ஆஸ்பத்திரிக்குப் போகலாம். காய்கறி வண்டியும் ஏரிக்கரையும் நின்றே போயின.

என் கணவர் நல்ல மனிதர். கிண்டியில் ஒரு அலுவலகத்தில் வேலை. தினம் மின்சார ரயிலில் போய்த் திரும்புகிறவர். சண்டை என்றால் அவருக்கு ஆகவே ஆகாது. "பக்கத்து வீட்டுக்காரங்கம்மா. தினம் அவங்க மூஞ்சியில முழிக்கணும்" என்பார். "நான் தினம் அந்தப் படிக்கட்டு மூஞ்சியில முழிக்கிறேன்" என்பேன். கடைசியில் தெரிந்த வக்கீல் ஒருவரைப் போய்ப் பார்த்தார். கோர்ட்டுக்குப் போனால் வருஷக்கணக்கில் இழுக்கும், தாம்பரத்தில் ஒரு சமரச மையம் இருக்கிறது, முதலில் அங்கே போய்ப் பாருங்கள் என்று அவர் அனுப்பிவைத்தார். முன்வீட்டுக்காரரும் வருவதாக ஒப்புக்கொண்டார்.

கிழக்குத் தாம்பரத்தில் ஒரு மருந்துக் கடைக்கு மேலே இருந்தது அந்த மையம். ஆட்டோவிலிருந்து என்னை இறக்கி நாற்காலியில் உட்காரவைத்ததும் லிஃப்ட் எங்கே என்று தேடினேன். லிஃப்ட் இல்லை. குறுகலான மாடிப்படிதான் இருந்தது. என் கணவர் மேலே போய்ப் பேசிவிட்டு இறங்கி வந்தார்.

"நீ இங்கயே வெய்ட் பண்ணுவியாம். உன் சார்பா நான் பேசினாப் போதுமாம்" என்றார். சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை.

எதிர்த்தரப்பு மேலே ஏறிப் போயிற்று. என் தரப்பும் மேலே ஏறிப் போயிற்று. நான் மட்டும் இரு சக்கர வாகனங்களுக்கு நடுவில் நிழல் தேடி உட்கார்ந்திருந்தேன்.

மாடிப்படி தொடங்கும் இடத்தில் அவர்களுடைய பலகை மாட்டியிருந்தது. அதில் மையத்தின் சின்னம்: ஒரு பெரிய வட்டம், அதற்குள் ஒரு முக்கோணம், மூன்று முனைகளிலும் மூன்று புள்ளிகள். கீழே இருந்த இரண்டு புள்ளிகளும் நீலம், உச்சியில் இருந்தது தங்க நிறம். பக்கத்திலேயே விளக்கமும் எழுதியிருந்தார்கள். வட்டம் எல்லோரையும் உள்ளே சேர்த்துக்கொள்வது. சமபக்க முக்கோணம் மூவரும் சமம் என்பதைச் சொல்வது. தங்கப் புள்ளி நடுவர், அவர் இரு தரப்பிலிருந்தும் சமதூரத்தில் நிற்கிறார்.

வேறு வேலை இல்லாததால் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். கரும்பலகையில் எத்தனையோ முக்கோணம் வரைந்த கை என்னுடையது. முதலில் அழகாகத்தான் பட்டது. பிறகு கண்ணால் அளந்து பார்த்தேன். சமபக்கமே இல்லை. பக்கவாட்டுக் கோடுகள் இரண்டும் அடிக்கோட்டைவிட நீளம், தங்கப் புள்ளி ஏகத்துக்கு மேலே போயிருந்தது. இரண்டு நீலப் புள்ளிகளிலிருந்தும் அது சமதூரத்தில் இருப்பது உண்மைதான். ஆனால் இன்னும் எவ்வளவு உயரத்துக்குத் தூக்கினாலும் அது சமதூரத்தில்தான் இருக்கும். கீழே இருப்பவர்களின் குரல் கேட்காத உயரத்துக்குப் போய்விட்டாலும் சமதூரம்தான். இதை என் பிள்ளைகளுக்கு வகுப்பில் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அதற்கு இப்படி ஒரு அர்த்தம் இருக்கும் என்று அப்போது எனக்குத் தெரியாது.

என் கணவர் இறங்கி வந்தபோது அவர் முகத்தில் ஒரு நிம்மதி இருந்தது. அதைப் பார்த்ததுமே எனக்குப் பயம் வந்தது.

"நல்லாப் பேசினாரும்மா. ரொம்பப் பொறுமையான மனுஷன். ரெண்டு பக்கமும் விட்டுக்கொடுக்கணும்னார். படிக்கட்டோட அகலத்தைப் பாதியாக் குறைச்சுக்கறதா அண்ணன் ஒத்துக்கிட்டார். ஆளுக்குப் பாதி."

"மிச்சம் இருக்கற வழி எவ்வளவு அகலம்?"

அவர் ரோட்டில் ஆட்டோ வருகிறதா என்று பார்த்தார்.

"என் சேர் அதுல போகுமா?"

"அதைக் கேக்கலை."

"பாதி வழியில நான் எப்படிங்க போறது? ஒரு சக்கரத்தை வீட்டுல கழட்டி வெச்சுட்டு வரணுமா?"

"கத்தாத. எல்லாரும் பாக்கறாங்க."

"நீங்க சரின்னு சொல்லிட்டீங்களா?"

"யோசிச்சுச் சொல்றேன்னுதான் சொன்னேன்" என்றார். சரி என்று சொல்லிவிட்டார் என்பது அந்தக் குரலிலேயே தெரிந்தது.

கத்தினேன். மருந்துக் கடையில் நின்றிருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன். நாற்காலி போகிற அகலம் இருந்தால்தான் அது வழி, அதில் பாதி என்றால் எனக்கு அது சுவர். இதைக் கேட்பதற்கு அந்த மேஜையில் ஒருவருக்குக்கூடத் தோன்றவில்லையே என்று எனக்கு ஆறவேயில்லை.

வீட்டுக்கு வந்ததும் நடுவரைப் போனில் கூப்பிட்டேன். ஏதோ பெரிய பதவியில் இருந்து ஓய்வுபெற்றவர். குரல் தேன் மாதிரி இருந்தது.

"மேடம், உங்க வலி எனக்குப் புரியுது. ஆனா நீங்க கொஞ்சம் எமோஷனலா இருக்கீங்க. சார் வந்து பேசினதே நல்லதாப் போச்சு."

"சார், பத்திரம் எங்க ரெண்டு பேர் பேர்லயும் இருக்கு. நான் கையெழுத்துப் போட மாட்டேன். நான் இருக்கற இடத்துக்கு நீங்க இறங்கி வந்து பேசுங்க."

"எங்க மேஜை வட்டமா இருக்கறதுக்கே ஒரு காரணம் இருக்கு மேடம். அதுல தலைப்பக்கம், கடைசிப்பக்கம்னு எதுவும் கிடையாது. எல்லாரும் சமம். கீழ பார்க்கிங்ல அந்தச் சூழல் வராது."

"அந்த வட்டத்துக்குள்ள நான் இல்லையே சார்."

"சிம்பாலிக்கா நீங்களும் இருக்கீங்க மேடம்" என்றார் அவர்.

போனை வைத்த பிறகும் அந்த வார்த்தை காதை விட்டுப் போகவில்லை. சிம்பாலிக்காக இருக்கிறேனாம். அந்த மனிதர் கேலி செய்யவில்லை. மனதாரச் சொன்னார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அடுத்த முறை போனபோது, ரெண்டு பேர் பிடித்தால் மேலே தூக்கிக்கொண்டு வந்துவிடலாம் என்று நடுவர் சொல்லி அனுப்பினார். என் கணவர்கூட "ஒரு தடவைதானேம்மா" என்றார். முடியவே முடியாது என்றேன். என்னைத் தூக்க வேண்டியிருக்கிறது என்பதுதான் என் புகாரே. அந்தப் புகாரைச் சொல்வதற்கும் என்னைத் தூக்கித்தான் கொண்டுபோக வேண்டுமா?

கணவர் மேலே போனார். நான் நாற்காலியை மாடிப்படியின் அடியில் கொண்டுபோய் நிறுத்திப் பிரேக் போட்டேன். அங்கே நிழல் இருந்தது. ஆனால் நிழலுக்காக நிறுத்தவில்லை.

கொஞ்ச நேரத்தில் முன்வீட்டுக்காரர் பைக்கை நிறுத்திவிட்டு வந்தார். ஏறப் பார்த்தார், முடியவில்லை.

"இன்னா டீச்சர், வழிய அடைச்சுகினு உக்காந்துகினு கீறீங்க?"

"ஓரமாத்தான் அண்ணா இருக்கேன். போறதுக்குத் தாராளமா இடம் இருக்கு."

அவர் முகம் கறுத்தது. கோபமாகத் திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவரோ தன் பைக்குக்குத் திரும்பிப் போய் அதன் மேல் சாய்ந்து நின்றார். ரோட்டில் பஸ்கள் ஹாரன் அடித்துக்கொண்டு போயின. பிறகு அவராகவே பேசினார்.

"எம் பொண்ணு வந்துட்டா டீச்சர். கொழந்தையோட. இனிமே அங்க போவ மாட்டா."

அவருடைய மகளை எனக்கு நன்றாகத் தெரியும். கல்யாணத்துக்குப் போய்ச் சாப்பிட்டு வந்திருக்கிறேன்.

"மாடி அவளுக்குத்தான். வூட்டுக்குள்ளாற பூந்து ஏறுனா, வர்ற போற சொந்தக்காரனெல்லாம் ஏன் வந்துட்டே, எப்ப போவேன்னு கேக்கறான். தனி வழி இருந்தா நிம்மதியா இருப்பேன்ப்பான்னு அழுதா. அதான் கட்டினேன்."

"மேல இதைச் சொன்னீங்களா?"

"அத எப்டி டீச்சர் அந்தாளாண்ட சொல்றது? வாடகைக்கு வுடப் போறேன்னு சொல்லிட்டேன்."

என் கோபம் ஒரு நிமிஷம் தடுமாறியது. அந்தப் பெண்ணின் முகம் கண்முன் வந்தது. ஆனாலும் கோபம் போய்விடவில்லை, இன்னும் தெளிவாகத் திரும்பி வந்தது.

"அண்ணா, அவளுக்குத் தனி வழி வேணும். நியாயம்தான். எனக்கும் வழி வேணும். உங்க வீட்டு முன்னாடி ஷெட் போட்டு வெச்சிருக்கீங்களே, அங்க யார் இருக்கா?"

"கார் கீது."

"படிக்கட்டை அங்க வெச்சிருக்கலாமே."

"காரை எங்க வுடறது?"

"என்னை எங்க விடறதுன்னு யோசிச்சீங்களா அண்ணா?"

மேலே அத்தனை நேரம் பேசினார்களே, வழியை எப்படிப் பங்குபோடுவது என்பதைப் பற்றித்தான் பேசினார்கள். எங்கள் பத்திரம் பேச்சில் வந்தது, படிக்கட்டு வந்தது, என் உடம்பு வந்தது. கார் வரவில்லை. அதன் இடத்தில் கைவைக்கலாம் என்று என் கணவருக்கும் தோன்றவில்லை.

யாரும் மேலே வராததால் நடுவர் இறங்கி வந்தார், நாற்காலியை நகர்த்தி வழி விட்டேன். பின்னால் என் கணவரும் வந்தார். மருந்துக் கடைக்காரர் சில பிளாஸ்டிக் நாற்காலிகளை எடுத்துப் போட்டார். நடுவர் கைக்குட்டையால் தூசியைத் தட்டிவிட்டு உட்கார்ந்தார். "நல்லது. இப்ப ஒருத்தர் நிலைமையை இன்னொருத்தர் உணர்ந்து..." என்று ஆரம்பித்தார்.

"சார், கொஞ்சம் சும்மா இருங்க. நான் டீச்சராண்ட பேசினுகீறேன்ல?" என்றார் முன்வீட்டுக்காரர்.

அன்று முடிவு எதுவும் வரவில்லை. காரை மழையில் விட முடியாது என்று ஒரே பிடியாக நின்றார். என்னை வீட்டுக்குள் பூட்டிவைக்கலாமா என்று நானும் நின்றேன். அவரவர் வீட்டுக்கு வந்துவிட்டோம்.

மறுநாள் காலையில், இடுப்பில் குழந்தையோடு, அந்தப் படிக்கட்டைப் பக்கவாட்டில் நெருக்கிக்கொண்டு ஒருத்தி எங்கள் வாசலுக்கு வந்தாள். முன்வீட்டுக்காரரின் மகள். முகம் இளைத்துப்போயிருந்தது.

"அக்கா, உள்ள வரலாமா?"

உட்கார்ந்தவள் கொஞ்ச நேரம் குழந்தையின் சட்டையைச் சரிசெய்துகொண்டே இருந்தாள். "அப்பா நேத்து ராத்திரி சொன்னார். நீங்க வெளியவே வர்றதில்லை, உடம்பு முடியலைன்னு நான் நெனச்சுட்டு இருந்தேன். என் வழிக்காக உங்க வழியை அடைச்சிருக்காங்கன்னு எனக்கு யாருமே சொல்லலைக்கா."

"உன்னை யாரும் கேக்கலையா? படிக்கட்டு எங்க வேணும்னு?"

"எங்கக்கா கேட்டாங்க? கட்டிட்டுத்தான் சொன்னாங்க."

அப்போது எனக்கு வந்த கோபம் இன்றுவரை தணியவில்லை. படிக்கட்டு வேண்டியிருந்தது அவளுக்கு. வழி வேண்டியிருந்தது எனக்கு. மேலே ஒரு வட்ட மேஜையைச் சுற்றி மூன்று ஆண்கள் உட்கார்ந்து, எங்கள் இரண்டு பேர் சார்பாகவும் விட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்த மேஜைக்கு அவளையும் யாரும் கூப்பிடவில்லை.

அவள் திரும்பிப் போன பிறகு முன்வீட்டில் பெரிய சத்தம் கேட்டது. "எனக்குப் படிக்கட்டே வேணாம், கயிறு கட்டி ஏறிக்கறேன். உன் காரை நீயே கட்டிக்கினு அழு!" என்று அவள் கத்தியது சுவரைத் தாண்டி என் சமையலறைவரை வந்தது. அடுப்பை அணைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன். அடுத்தவர் வீட்டுச் சண்டையை ஒட்டுக்கேட்பது தப்பு என்று எனக்குத் தோன்றவேயில்லை.

அந்த வாரமே முன்வீட்டுக்காரர் இறங்கி வந்தார். படிக்கட்டைக் கார் நிற்கும் பக்கம் மாற்றிவிடுவதாகச் சொன்னார். ஆனால் முறைப்படி எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும் என்றார் நடுவர். மறுபடியும் தாம்பரம் போனோம். இந்த முறை யாரும் சொல்லாமலே நாற்காலிகள் கீழே வந்திருந்தன.

நடுவர் தயாராக எழுதி வந்ததைப் படித்தார். 'முதல் தரப்பினர், உடல்நலம் குன்றிய அண்டை வீட்டுப் பெண்மணியின் நிலையைக் கருத்தில் கொண்டு, பெருந்தன்மையுடன் முன்வந்து...'

"நிறுத்துங்க சார்" என்றேன்.

"என்ன மேடம்?"

"பெருந்தன்மை எங்கருந்து வந்தது? அது பொது வழி. அவர் எனக்கு எதையும் கொடுக்கலை. எடுத்ததைத் திருப்பி வெக்கிறார். அப்பறம், என் உடல்நலத்துக்கு என்ன குறைச்சல்? நான் நல்லாத்தான் இருக்கேன். வழிதான் நல்லா இல்லை."

"ஒரு வார்த்தைதானே மேடம். உங்களுக்கு வேண்டியது கெடச்சாச்சு. அவருக்கும் ஒரு மரியாதை இருக்கட்டுமே. நீங்களும் கொஞ்சம் நடுவுல வாங்க."

நான் வாயைத் திறப்பதற்குள் என் கணவர் பேசினார்.

"அந்த வார்த்தை வேணாம் சார். எடுத்துடுங்க."

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. ரயிலில் பக்கத்து சீட்காரரிடம் நேரம் கேட்பது மாதிரிதான் சொன்னார். ஆனால் சொல்லிவிட்டு நடுவரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், பார்வையை விலக்கவில்லை. இத்தனை வருஷத்தில் நான் அவரை அப்படிப் பார்த்ததில்லை.

நடுவர் முன்வீட்டுக்காரரைப் பார்த்தார்.

"அட, அடிச்சுட்டு வேலையப் பாருங்க சார். கடைக்கு நேரமாவுது" என்றார் அவர்.

நடுவர் இரண்டு இடத்திலும் கோடு போட்டு அடித்தார். அடிக்கும்போது, நல்ல கட்டுரையை யாரோ கெடுத்துவிட்டது போல அவர் முகம் வாடியது. நான் கையெழுத்துப் போட்டேன்.

எல்லாம் முடிந்ததும், மேலே அறையில் மாட்டியிருக்கும் சின்னத்துக்கு முன்னால் ஒரு போட்டோ எடுக்க வேண்டும் என்றார் நடுவர். அது அவர்கள் வழக்கமாம். "மேடத்தால வர முடியாது, பரவாயில்லை. சார் வரட்டும்."

"நான் வரலை" என்றார் என் கணவர். என் நாற்காலியின் பிரேக்கை எடுத்துவிட்டு ஆட்டோ பிடிக்கப் போனார்.

முன்வீட்டுக்காரரும் நடுவரும் மட்டும் மேலே போனார்கள். அந்தப் போட்டோவைப் பிறகு அவருடைய மகள் தன் போனில் எனக்குக் காட்டினாள். தங்கப் புள்ளிக்குக் கீழே இரண்டு ஆண்கள் கைகுலுக்குகிறார்கள். 'சுமுகமாகத் தீர்வு கண்ட இரு தரப்பினர்' என்று கீழே போட்டிருந்தார்கள். இரண்டாவது தரப்பின் இடத்தில் நடுவரே நின்று சிரித்துக்கொண்டிருந்தார். அவள் வயிறு வலிக்கச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

படிக்கட்டு இப்போது முன்பக்கம் இருக்கிறது. அவள் அதில் எந்தச் சொந்தக்காரர் கேள்விக்கும் நிற்காமல் ஏறி இறங்குகிறாள். புதிதாக ஒரு வேலைக்கும் போகிறாள். கார் தெருவில் நிற்கிறது. ஒருநாள் மழையில் நனைந்தால்கூடத் தெருவில் எல்லோருக்கும் மனசு கேட்பதில்லை.

போன வாரம் காய்கறி வண்டியில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். அடுத்த தெரு மாமி ஒருவர் வந்து காரைப் பார்த்து உச்சுக்கொட்டினார்.

"பாவம், புதுக் காரு. என்ன இருந்தாலும் உங்களுக்காக அவர் பெரிய மனசு பண்ணியிருக்கார், இல்லையா?"

"பெரிய மனசெல்லாம் இல்லை மாமி. அது பொது வழி. பத்திரத்துல இருக்கு."

"அதுக்கில்லைம்மா, இந்தக் காலத்துல யார் இப்படி..."

"அவர் அடைச்சார், அப்பறம் எடுத்தார். அவ்வளவுதான். அடைச்சப்போ நீங்க யாரும் உச்சுக்கொட்டலையே மாமி."

மாமி பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். திமிர் பிடித்தவள் என்று நாலு வீட்டில் சொல்லியிருப்பார். காய்கறி விற்கும் பெண் தராசை என் பக்கம் நீட்டினாள்.

"இன்னாத்துக்குக்கா காலங்காத்தால கோவப்படற? வெயில் ஏறிகினு கீது பாரு. வெண்டக்கா எளசா கீது, போடட்டா?"

"போடு" என்றேன். பையை மடியில் வைத்துக்கொண்டு, கோபம் அடங்காமலே நாற்காலியைத் திருப்பினேன்.